இளைக்க ஒரு டீ!

குற்றாலத்துக்கு வந்து திரும்புகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒன்று அருவி, மற்றொன்று பசி. எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய்ப் பேரருவியில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். தலையில் விழுகிற தண்ணீர் உடம்பு அலுப்பையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். போகிற போக்கில் காலையில் சாப்பிட்ட ஆறு இட்லியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டதோ என்று சந்தேகம் உண்டாகும். ஈரத் தலையோடு கரையேறினால், எதிரே எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடை எடுக்கிறார்கள்; பக்கத்தில் டீ ஆற்றுகிறார்கள். அந்தச் சாரலில், அந்தக் குளிரில், அந்த டீயை வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு உடம்பு இளைப்பதைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள். டீ குடித்தே இளைத்துவிடலாம் என்று நம்புகிற சகோதரிகள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் குடும்பத்திலேயே இருந்தாள்.

நான் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது இரண்டும் தென்காசியில்தான். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்பு திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த எங்கள் ஊர், 2019-ஆம் வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி முதல் தனி மாவட்டத்தின் தலைநகராகிவிட்டது. அதைப் பற்றியெல்லாம் எங்கள் உறவினர்களுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான் என்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும், மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பாசம் பொங்கிக்கொண்டு வரும். "உங்களையெல்லாம் பார்த்து எத்தனை நாளாயிற்று!" என்று சொல்லிக்கொண்டே துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். சீஸன் முடிகிற வரையில் எங்கள் ஊர் வீடுகளில் டீச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது.

வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்தால், முன்பெல்லாம் நகையைப் பற்றியும் புடைவையைப் பற்றியும் பேச்சு நடக்கும். இப்போது எடையைப் பற்றித்தான். அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு என்று சர்க்கார் நடத்துகிற கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 2015-16-ல், 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்களாக இருந்தார்கள். 2019-21-ல் அது நூற்றுக்கு 40 ஆகிவிட்டது. அதாவது, ஐந்து பேர் உட்கார்ந்து பேசினால் அதில் இரண்டு பேருக்கு இந்தக் கவலை இருக்க வேண்டியதுதான். மற்ற மூன்று பேருக்கும் அந்த இரண்டு பேருக்கு யோசனை சொல்கிற கவலை!

யோசனைகளுக்கா பஞ்சம்? ஒருத்தி வெந்நீரில் தேன் என்பாள். ஒருத்தி கொள்ளு என்பாள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே, அதற்கு ஆதாரம் வேறு வேண்டுமா? இன்னொருத்தி செல்போனை நீட்டி, "இதைப் பாருங்கள், ராத்திரி ஒரு கப் டீ. இரண்டு வாரத்தில் மூன்று கிலோ!" என்பாள். அந்தக் கடைசி யோசனைதான் எங்கள் மதினியைப் பிடித்துக்கொண்டது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நாற்பத்தெட்டு வயது. கோபம் என்பதே அறியாதவள். வருகிறவர்களுக்கெல்லாம் முகம் கோணாமல் செய்து போடுகிறவள். வைகாசியில் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. கல்யாணம் தை மாதத்தில் என்று முடிவாயிற்று. தாம்பூலம் மாற்றிக்கொண்டு எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பிள்ளை வீட்டைச் சேர்ந்த ஓர் அம்மாள், "கல்யாணத்தன்னைக்குப் பொண்ணோட அம்மா முன்னாலே நின்னா, பொண்ணை எங்கே தேடுகிறது?" என்று வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். ஆனால் அன்று சாயந்தரம் பாத்திரம் ஒழிக்கும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஊசி குத்துகிற வலி குத்துகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வாரம் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மதினிக்கு ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். பெட்டி என்றால் அப்படி ஒரு பெட்டி! பச்சை நிறம், அதன்மேல் தங்க எழுத்து, உடுக்கை போல் இடை சிறுத்த ஒரு பெண்ணின் படம். உள்ளே நூல் கட்டின சின்னச் சின்னக் காகிதப் பைகள். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு பையை வெந்நீரில் போட்டு ஐந்து நிமிஷம் கழித்துக் குடிக்க வேண்டியது, அவ்வளவுதான். பத்தியம் கிடையாது, நடக்க வேண்டாம், குனிய வேண்டாம், நிமிர வேண்டாம்.

நாலாம் நாள் எடை பார்க்கிற இயந்திரத்தில் ஏறி நின்றாள். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது! வீடு முழுவதும் ஒரே கொண்டாட்டம். காலையில் இரண்டு மூன்று தடவை கொல்லைப் பக்கம் ஓட வேண்டியிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உள்ளே இருக்கிற கெட்ட கொழுப்பெல்லாம் கரைந்து போகிறது" என்று ஒருத்தி விளக்கமும் கொடுத்துவிட்டாள். ஒரு பை போதவில்லை என்று தோன்றியபோது மதினி இரண்டு பை போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது வாரத்தில் ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது. முகம் வெளுத்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. ஆடி மாதம், ஐந்தருவியில் சுகமான சாரல். விருந்தினர்களோடு குளிக்கப் போன மதினி, பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்படியே சரிந்துவிட்டாள். முன்பின் தெரியாத நாலு பெண்கள் தாங்கிப் பிடித்துக் கரையில் உட்கார வைத்தார்கள். ஈரப் பாறையில் தலை மோதாமல் இருந்தது தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

தென்காசியில் ஒரு டாக்டரம்மாள் பார்த்தார். ரத்தத்தைச் சோதித்ததில் பொட்டாசியம் என்கிற உப்புச் சத்து ரொம்பவும் குறைந்திருந்தது. இருதயம் ஒழுங்காக அடிப்பதற்கும், சதை ஒழுங்காக வேலை செய்வதற்கும் வேண்டிய சத்து அது.

"என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார் டாக்டர்.

"மருந்தெல்லாம் ஒன்றும் இல்லை, டாக்டர். டீ மட்டும்தான்."

"என்ன டீ?"

மதினி என் முகத்தைப் பார்த்தாள். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். என்ன டீ என்று யாருக்குத் தெரியும்? "பெட்டியைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அந்தப் பெட்டியின் ரகசியத்தை உடைத்தது யார் தெரியுமா? எங்கள் ஆச்சி. எண்பத்தாறு வயது. பெட்டியில் உள்ள எழுத்தை அவளால் படிக்க முடியாது. ஆனால் ஒரு பையைக் கிழித்து, தூளை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, மூக்கருகில் கொண்டுபோய், நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இது நெலாவாரையில்லா! சின்னப் புள்ளைல எங்களை வருசத்துக்கு ரெண்டு தரம் பிடிச்சு உக்கார வச்சு, மூக்கைப் பொத்திக் குடுப்பாகளே, அந்த எலை! பேதிக்குக் குடிக்கதைப் போய் டீன்னு தெனமும் குடிச்சிருக்கியே!"

அண்ணன் மகன் செல்போனில் பெட்டியைப் படம் பிடித்து, அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சிட்டிருந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். 'சென்னா இலை' என்று போட்டிருந்தது. ஆச்சி சொன்னது அட்சரம் பிசகவில்லை.

சகோதரிகளே, இதில் உள்ள வேடிக்கையைக் கேளுங்கள். நிலாவாரையின் பூர்விகம் அரேபியா. நம் நாட்டில் அது திருநெல்வேலிச் சீமையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மானாவாரியாகப் பயிராகி வருகிறது. உலகச் சந்தையில் அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலி நிலாவாரை. இலையை நிறம் மாறாமல் உலர்த்தி, மூட்டை கட்டி, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகள் அதை வாங்கி மாத்திரை செய்கின்றன. சிலர் அதையே காகிதப் பையில் போட்டு, இடை சிறுத்த பெண்ணின் படத்தை ஒட்டி விற்கிறார்கள். நம் பக்கத்து இலை கடல் கடந்து போய், தங்க எழுத்துப் போட்டுக்கொண்டு, நம் வீட்டுக்கே சீராகத் திரும்பி வருகிறது!

இலையின் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்து. உலக சுகாதார நிறுவனம் வெளியிடுகிற அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் மருந்து என்றால் அளவும் உண்டு, நாளும் உண்டு. சில நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்த வேண்டியதை மாதக் கணக்கில் குடித்தால் அது மருந்தாக இருக்காது. ஆச்சியின் காலத்தில்கூட வருஷத்துக்கு இரண்டு தரம்தான், தினமும் அல்ல.

"அப்படியானால் ஒன்றரைக் கிலோ குறைந்ததே, அது பொய்யா?" என்று மதினி டாக்டரிடம் கேட்டாள். பாவம், அந்த ஒன்றரைக் கிலோவை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிடுகிற ஆகாரத்தின் சத்தையெல்லாம் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. இட்லியின் மாவும், வடையின் எண்ணெயும், டீயின் சர்க்கரையும் அங்கேயே உடம்பில் சேர்ந்துவிடுகின்றன. நிலாவாரை வேலை செய்வதோ அதற்கு அப்பால் உள்ள பெருங்குடலில். குடித்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அங்கே இருக்கிற கிருமிகள் அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் அது குடலை முடுக்குகிறது. அதாவது, திருடன் பொருளோடு போன பிறகு வாசலைப் பூட்டுகிற காரியம். வெளியே போவது தண்ணீரும் உப்பும். கொழுப்பு இருந்த இடத்திலேயே சௌக்கியமாக இருக்கிறது.

"அருவியில் நனைந்த புடைவையைப் பிழிகிறீர்களே, எடை குறைகிறது அல்லவா? புடைவையில் ஒரு நூலாவது குறைகிறதா?" என்று கேட்டார் டாக்டர். மதினிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இது நம் ஊர்ச் சமாசாரம் மட்டும் அல்ல. 1995-லேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஒன்று இந்த 'இளைக்கும் டீ'க்களைப் பற்றி ஆராய்ந்து, பேதியினால் உணவின் சத்து உடம்பில் சேருவது குறிப்பிடும்படியாகக் குறைவதில்லை என்று சொல்லிவிட்டது. முக்கியமாகச் சிலர் இதன் பக்கமே போகக் கூடாது: கர்ப்பிணிகள், வளருகிற பெண் குழந்தைகள், இருதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள். உங்கள் வீட்டில் வயசுப் பெண் இருந்து, அவள் ராத்திரியில் புதிதாக ஏதோ ஒரு 'டீ' குடிக்க ஆரம்பித்திருந்தால், அதட்டாமல் அந்தப் பெட்டியை மட்டும் வாங்கிப் படித்துப் பாருங்கள். சென்னா, நிலாவாரை என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், அது டீ அல்ல, பேதி மருந்து என்று புரிந்துகொள்ளுங்கள். சீஸன் காலத்தில் குற்றாலக் கடைவீதியில் விற்கிற மூலிகைப் பொடிகளுக்கும் இதே விதிதான். 'இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

"சரி, பேதி இலை வேண்டாம். நிஜமான தேயிலை? கிரீன் டீ?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் இலைதான்; பக்குவம் செய்கிற விதத்தில்தான் வித்தியாசம். மருத்துவச் சோதனைகளை உலகெங்கிலுமிருந்து திரட்டி ஆராய்கிற காக்ரேன் என்ற அமைப்பு, 2012-ல் கிரீன் டீயைப் பற்றிய சோதனைகளைச் சீர்தூக்கிப் பார்த்தது. அதனால் குறைகிற எடை மிகவும் சொற்பம். வைத்திய ரீதியில் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றுதான் முடிவாயிற்று. கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற வரையில் கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சத்தைப் பிழிந்து வில்லையாக்கி விற்கிறார்களே, அதில் ஜாக்கிரதை வேண்டும். கிரீன் டீயில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற சத்தை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் வில்லையாக விழுங்கினால் கல்லீரலுக்குத் தொந்தரவு வரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

ஆகவே, இளைக்க வைக்கிற டீ என்று உலகத்தில் ஒன்று கிடையாதா? உண்டு. அதைக் கண்டுபிடித்தது எங்கள் வீட்டு அடுப்படியில்.

டாக்டரம்மாள் விடை கொடுத்து அனுப்பும்போது மதினியிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். "ஒரு வாரம் நீங்கள் சாப்பிடுவது, குடிப்பது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். மதினிக்கு எழுத நேரம் ஏது? அடுப்படிக் கதவின் பின்பக்கம் கரித்துண்டால் கோடு போட ஆரம்பித்தாள். ஒரு டீக்கு ஒரு கோடு. ராத்திரி எண்ணிப் பார்த்தால் ஏழு கோடு! அவளுக்கே நம்ப முடியவில்லை.

எப்படி ஏழு? காலையில் எழுந்ததும் ஒன்று. பால்காரர் கணக்கு முடித்ததும் ஒன்று. குளிக்கப் போகிற விருந்தினருக்குப் போட்டபோது, "நீங்களும் ஒரு வாய் குடிங்க மதினி" என்றதற்காக ஒன்று. குளித்துவிட்டு வந்த விருந்தினருக்குத் துணையாக ஒன்று. மத்தியானம் எல்லோரையும் சாப்பிட வைத்து, தனக்கு இலை போட அலுப்பாக இருந்ததனால், சாப்பாட்டுக்குப் பதிலாக ஒன்று. சாயந்தரம் பஜ்ஜியோடு ஒன்று. ராத்திரி மிஞ்சிய பாலை வீணாக்கக் கூடாது என்று ஒன்று.

படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி, உங்கள் கோடுகளை மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஒரு டீக்குச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம். ஏழுக்கு 70 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி; ஆக 280 கலோரி. பால் ஒரு டீக்கு 100 மில்லி என்றால் ஏழுக்கு 700 மில்லி. பசும்பாலில் அது சுமார் 450 கலோரி. இரண்டையும் கூட்டினால் 730. உட்கார்ந்த வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு நாள் முழுவதற்கும் வேண்டியது 1,660 கலோரி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் கணக்கிட்டிருக்கிறது. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் டீயாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது! இதில் பஜ்ஜியைச் சேர்க்கவில்லை. வெறும் தேயிலையைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் அதில் இருப்பது இரண்டு கலோரியோ மூன்று கலோரியோதான்.

"அடிப்பாவி, ஒரு சாப்பாட்டையே குடித்துக்கொண்டிருக்கிறாயே!" என்றான் அண்ணன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவள் சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பதிலாகத்தானே குடித்தாள்? மத்தியானம் அவளுக்கு இலை போட்டு நீ என்றைக்காவது பரிமாறியிருக்கிறாயா?" என்று கேட்டேன். அண்ணன் பதில் பேசவில்லை. ஆனால் மறுநாள் பகல் ஒரு மணிக்கு அவனே இலையைப் போட்டு, "முதலில் நீ உட்கார்" என்றான். இந்த வைத்தியத்தில் சர்க்கரையைக் குறைத்ததை விடப் பெரிய மருந்து இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு டீயைச் சீர்திருத்தினோம். ஏழு மூன்றாயிற்று. அந்த மூன்றிலும் பால் பாதி. சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டு வந்து அரைக் கரண்டியில் நிறுத்தினாள். நாக்கு ஒரு குழந்தை மாதிரி. சட்டென்று பிடுங்கினால் அழும். மெதுவாக மறக்கடித்தால் மறந்துவிடும். இரண்டு மாதம் கழித்து யாரோ கொடுத்த பழைய கணக்கு டீயை வாயில் வைத்த மதினி, "என்ன இது, பாயசமா?" என்று முகத்தைச் சுளித்தாள்!

விருந்தினருக்குத் துணையாகக் குடிப்பதற்கு மட்டும் ஒரு வழி வேண்டியிருந்தது. செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போனால், பால் சேர்க்காத கட்டன் சாயா குடிப்பார்கள். அதுதான் கை கொடுத்தது. தேயிலை, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. தம்ளர் கையில் இருக்கிறது, ஆவி பறக்கிறது, பேச்சுக்கும் துணையாயிற்று. வந்தவர்களுக்கு மனக்குறையும் இல்லை.

இங்கே உங்களில் சிலர், "நாங்கள் சீனி போடுவதே இல்லை, கருப்பட்டிதான்" என்று சொல்லக்கூடும். உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் கருப்பட்டியும், நாட்டுச் சர்க்கரையும், தேனும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். சுக்குக் காப்பியில் இரண்டு கட்டி கருப்பட்டியைப் போட்டுவிட்டு, உடம்பு இளைக்கவில்லையே என்று சுக்கின் மேல் பழி போடக் கூடாது.

இன்னொரு விஷயம் பெண்களுக்கென்றே சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குப் பதிலாக டீ குடிப்பது ஒரு தப்பு என்றால், சாப்பாட்டோடு டீ குடிப்பது இன்னொரு தப்பு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டீயின் துவர்ப்புத் தடுக்கிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. உடம்பு பருமனாக இருப்பவர்களுக்கு ரத்தம் நிறைய இருக்கும் என்று நினைக்காதீர்கள்; பருமனும் சோகையும் ஒரே உடம்பில் குடியிருப்பதுண்டு. ஆகாரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீயும் காப்பியும் வேண்டாம் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

மதினி கடைசியில் இளைத்தாளா, இல்லையா என்று கேட்கிறீர்களா? காகிதக் கணக்கைப் பார்த்தால் நாளொன்றுக்கு 600 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி. அப்படியானால் தைக்குள் பத்துக் கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். ஆனால் உடம்பு கணக்குப் பிள்ளை சொன்னபடி கேட்பதில்லை. பால் குறைந்தது, பசி வந்தது, வேளைக்குச் சாப்பிட்டாள், சாயந்தரம் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள். ஆறு மாதத்தில் குறைந்தது நாலு கிலோ. பெட்டியில் போட்டிருந்த 'இரண்டு வாரத்தில் மூன்று கிலோ'வுக்குப் பக்கத்தில் வைத்தால் இது சொற்பம்தான். ஆனால் பிழிந்தெடுத்த தண்ணீர் அல்ல. நிஜமான நாலு கிலோ. காலில் இழுப்பு இல்லை. நெஞ்சில் படபடப்பு இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மூன்று மணி வரைக்கும் ஓடியாடி வேலை செய்தாள்.

பிள்ளை வீட்டு அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மதினிதான் பரிமாறினாள். முகத்தில் ஊசிக் குத்தின வலி கொஞ்சம்கூட இல்லை. மணவறையில் தாரை வார்க்கும்போது அவளும் அண்ணனும் முன்னால் நின்றார்கள். பெண்ணை யாரும் தேடவில்லை.

சகோதரிகளே, டீயில் மந்திரம் ஒன்றும் இல்லை. அதில் நாம் போடுகிறதும் போடாமல் விடுகிறதும்தான் விஷயம். கோபத்தில் குடிக்கிற டீ, அலுப்பில் குடிக்கிற டீ, சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கிற டீ - இவைதாம் உடம்பில் சேருகின்றன. ஆசையாக, நிதானமாக உட்கார்ந்து குடிக்கிற ஒரு டீ யாரையும் பருக்க வைப்பதில்லை.

இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு அவசியம் வாருங்கள். அருவியில் ஆசை தீரக் குளியுங்கள். பசித்தால் சாப்பிடுங்கள். தென்காசியில் எங்கள் தெருப் பக்கம் வந்தால் டீ தராமல் அனுப்ப மாட்டோம். சர்க்கரை எத்தனை கரண்டி என்று மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள்!